நம்பிக்கைகளும் உண்மைகளும்: ‘ஒரு மாதிரி’ பிள்ளைக்கு ஒரு பேர் வேண்டுமா?

என் தங்கை மகனுக்கு 23 வயது. எட்டாம் வகுப்பிலிருந்து தினமும் காலையில் பேப்பர் வந்ததும் அணை நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்ப்பான். நோட்டின் மேல்வரியில் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று முழு உயரத்தைச் சிவப்பு மையில் எழுதி, அதன் கீழே அன்றன்றைய மட்டத்தை நீல மையில் எழுதி வருகிறான். ஒன்பது நோட்டு நிறைந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போனால் மைக்செட் சத்தம் தாங்காமல், வாசலில் செருப்புக் கிடக்கும் இடத்தில் போய் நின்றுகொள்வான். திருநெல்வேலி பேட்டை இந்துக் கல்லூரியில் கணிதம் முடித்துவிட்டு இரண்டு கடைகளில் கணக்கு எழுதப் போனான். இரண்டிலும் ஆறு மாதம் தாண்டவில்லை. கணக்கில் ஒரு பைசா பிசகவில்லை. ஆனால் வருகிறவர்களிடம் முகம் பார்த்துப் பேசவில்லை. முதலாளி கோபத்தில் “அப்படின்னா நீயே கல்லாவுல உக்காரு” என்றதை நிஜமென்று நம்பி, போய் உட்கார்ந்துவிட்டான்.

தெருவில் அவனுக்குப் பெயர் ‘ஒரு மாதிரி’. வீட்டில் ‘கூச்ச சுபாவம்’. போன வருஷம் ஒருநாள் அவனே வந்து கேட்டான்: “மாமா, எனக்கு ஆஸ்பெர்ஜர் இருக்குமோன்னு தோணுது. டாக்டர்ட்ட போய்த் தெரிஞ்சிக்கிடவா, இல்ல இப்படியே இருந்திரவா?”

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு படித்தவர், படிக்காதவர், உறவுக்காரர், மருத்துவர் என்று பலரிடம் பேசினேன். அவர்கள் சொன்ன பலவும் நம்பிக்கைகள்தான். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: ஆஸ்பெர்ஜர் வேறு, ஆட்டிசம் வேறு. அது அறிவாளிகளுக்கு வருவது.

இப்படி நம்பக் காரணம் உண்டு. 2021இல் எலான் மஸ்க் தனக்கு ஆஸ்பெர்ஜர் இருப்பதாகத் தொலைக்காட்சியிலேயே சொன்னார். கிரெட்டா துன்பர்க்கும் அப்படிச் சொல்லியிருக்கிறார். அதனால் இந்தப் பெயருக்கு ஒரு பளபளப்பு வந்துவிட்டது. ஆட்டிசம் என்றால் முகம் சுளிக்கிறவர்கள்கூட ஆஸ்பெர்ஜர் என்றால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

உண்மையில் இன்று அப்படித் தனியாக ஒரு பெயரே கிடையாது. வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் 1944இல் இப்படிப்பட்ட சிறுவர்களைப் பற்றி எழுதினார். அவருக்கும் ஏறத்தாழ 20 ஆண்டு முன்பே சோவியத் மருத்துவர் குரூன்யா சுகரேவா இதே இயல்பை விரிவாக எழுதிவிட்டார். உலகம் அவரைக் கவனிக்கவில்லை. 1981இல் இங்கிலாந்தின் லோர்னா விங் எழுதிய கட்டுரையால்தான் ஆஸ்பெர்ஜரின் பெயர் பரவியது. 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறிய அந்தப் பெயர், 2013இல் நீக்கப்பட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலிலும் அது இல்லை. எல்லாம் ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்’ என்ற ஒரே குடையின்கீழ் வந்துவிட்டது. எங்கே ஆஸ்பெர்ஜர் முடிகிறது, எங்கே ஆட்டிசம் தொடங்குகிறது என்று இரண்டு மருத்துவர்கள் ஒருமித்துச் சொல்ல முடியாமல் போனதுதான் முக்கியமான காரணம். நாஜி ஆட்சியில் ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்ட ஸ்பீகல்குருண்ட் மருத்துவமனைக்கு ஆஸ்பெர்ஜரே சில குழந்தைகளை அனுப்பினார் என்பது 2018இல் ஆவணங்களோடு வெளியானபின், அந்தப் பெயரைச் சொல்லவே பலருக்கு மனம் வரவில்லை.

ஆகவே இன்று ஒரு இளைஞன் போய்ப் பரிசோதித்துக்கொண்டால் தாளில் எழுதப்படும் சொல் ஆட்டிசம்தான். அதைக் கேட்க மனம் தயாராக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. என் மருமகன் ஒரு வாரம் யோசித்துவிட்டு, “பேரு எதுவா இருந்தா என்ன மாமா, அளவு அதேதான?” என்றான்.

நம்பிக்கை: சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும். வளர்ந்தபின் கண்டுபிடிக்க முடியாது.

நாங்கள் முதலில் பார்த்த மருத்துவரே இதைத்தான் சொன்னார். “டிகிரி முடிச்சிருக்கான், நல்லாப் பேசுறான், இவனுக்கு எப்படி ஆட்டிசம் இருக்கும்?” ஐந்து நிமிஷத்தில் முடித்து அனுப்பிவிட்டார். தமிழில் யெஸ். பாலபாரதி போன்றவர்கள் தொடர்ந்து எழுதியதால் குழந்தைகளின் ஆட்டிசம் பற்றி ஓரளவு பேச்சு வந்திருக்கிறது. அந்தக் குழந்தைகள் வளர்ந்தால் என்ன ஆவார்கள், குழந்தையில் யார் கண்ணிலும் படாமல் தப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்பது இன்னும் பேசப்படவில்லை.

வளர்ந்தபின்பும் கண்டறியலாம். இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. அனுபவமுள்ள மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ நேரம் எடுத்து உட்கார்ந்து பேச வேண்டும், கவனிக்க வேண்டும். முக்கியமாக, குழந்தைப் பருவத்தைக் கேட்க வேண்டும். ஏனென்றால் ஆட்டிசம் 20 வயதில் புதிதாக வருவதில்லை. அப்போது வருவது மனச்சோர்வாக இருக்கலாம், பதற்றமாக இருக்கலாம், கூட்டத்தைக் கண்டு அஞ்சுவதாக இருக்கலாம். இவையும் வெளியே பார்க்க இதேபோல இருக்கும். சிலருக்கு ஆட்டிசத்தோடு சேர்ந்தும் இருக்கும். பிரித்துப் பார்க்கத்தான் மருத்துவர்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அவன் அம்மாவை வரச்சொன்னார். என் தங்கை பீடி சுற்றுகிறவள். மூன்று வயதில் இவன் எப்படி இருந்தான் என்று கேட்டதும், “எல்லாப் பிள்ளையும் போலத்தான்” என்றாள். கொஞ்சநேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: “நான் பீடித் தட்டை மடியில வச்சிருப்பேன். இவன் வெட்டின இலையை எடுத்துத் தரையில சின்னது, பெருசுன்னு வரிசையா அடுக்கிட்டே இருப்பான். காத்துல ஒரு இலை தள்ளிப் போச்சுன்னா பொழுது அடையுத வரைக்கும் அழுவான். கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டான். காது கேக்கலையோன்னு தட்டைக் கீழ போட்டுப் பாத்தேன், துள்ளி விழுந்தான்.” மருத்துவர் பேனாவை எடுத்தது அப்போதுதான்.

செல்போனில் 50 கேள்விக்குப் பதில் சொல்லி மதிப்பெண் பார்ப்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விப்பட்டியல் 2001இல் கேம்பிரிட்ஜில் உருவானது, நல்ல பட்டியல்தான். ஆனால் அது மருத்துவரிடம் போவதா என்று யோசிக்க உதவும் முதல் படி; முடிவு சொல்லாது. பெண்பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடிக்கப் பழகிவிடுவதால், அவர்களிடம் இது இன்னும் ஆழத்தில் மறைந்துகிடக்கும். ‘அடக்கமான பிள்ளை’ என்று நாம் மெச்சுவதே அவர்களுக்கு வினையாகிவிடுகிறது.

நம்பிக்கை: அம்மா கவனிக்காமல் விட்டதால் வந்தது.

என் தங்கை அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். “தினம் ஆயிரம் பீடின்னு ஓடிட்டேன். பிள்ளையத் தூக்கிக் கொஞ்சல. அதான் இப்படி ஆயிட்டான்.” இந்தப் பழியை அவளாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் புத்தகமே எழுதி, தாயின் அன்புக்குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்றார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பொய்யைச் சுமந்தார்கள். அது தவறு என்று நிரூபணமாகிவிட்டது. ஆட்டிசத்தில் மரபணுவின் பங்குதான் பெரிது. பீடி சுற்றியதாலும் வரவில்லை, கொஞ்சாததாலும் வரவில்லை. இதைப் படிக்கும் எந்தத் தாயும் அந்தக் கணக்கை இன்றோடு தீர்த்துவிடலாம்.

நம்பிக்கை: டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் கல்யாணம் நடக்காது, வேலை கிடைக்காது.

இதுதான் மிகப்பெரிய பயம். என் மருமகனுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். “நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும். வீட்ல பைத்தியம் இருக்குன்னு சொல்லிருவாவ” என்று சொந்தக்காரர்கள் ஓடிவந்தார்கள். சினிமாவும் நாமும் சேர்ந்து ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பயத்தை லேசாக எண்ண என்னால் முடியாது.

ஆனால் விவரம் இதுதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவரிடம் சொன்னதை ரகசியமாக வைக்கும் உரிமையை 23ஆம் பிரிவில் தருகிறது. வயது வந்த ஒருவனின் விவரத்தை அவன் சம்மதமில்லாமல் ஊருக்குச் சொல்ல மருத்துவருக்கு உரிமை இல்லை. பரிசோதித்துக்கொண்டதால் எந்த அரசுப் பதிவேட்டிலும் தானாக அவன் பெயர் ஏறாது. கடை முதலாளிக்குச் சொல்ல வேண்டுமா, யாருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை அவனே முடிவு செய்யலாம்.

கல்யாணத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெயரைச் சொல்லாவிட்டாலும், “எனக்குச் சத்தம் ஆகாது, நீ ஜாடையாப் பேசினா புரியாது, நேரடியாச் சொன்னாச் செய்வேன்” என்றாவது சொல்ல வேண்டும். சொல்லாமல் கட்டிவைத்து, ‘கல்நெஞ்சக்காரன்’ என்று அந்தப் பெண் கண்ணீர் விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் எந்தப் பரிசோதனைக்கும் போகவில்லை.

நம்பிக்கை: கண்டறிந்துவிட்டால் சலுகை எல்லாம் வந்துவிடும்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மருத்துவர் கண்டறிவது வேறு, அரசின் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்காமலே இருக்கலாம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஆட்டிசம் ஸ்பெக்ட்ரத்தைச் சேர்த்திருக்கிறது. சான்றிதழுக்கு மருத்துவக் குழு முன் போக வேண்டும். அங்கே ‘இசா’ என்னும் இந்திய அளவுகோல். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். கூட்டினால் 70 வர வேண்டும். இட ஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்று கட்டாயம். ஆனால் கேள்விகளில் பலவும் கேட்டதையே திரும்பச் சொல்வது, ஓயாமல் அலைவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது என்று வெளியே தெரிவதைக் கேட்பவை. பட்டம் படித்து, பேச்சும் நன்றாக வரும் ஒருவர் உள்ளுக்குள் எவ்வளவு தவித்தாலும் 70ஐ எட்டாமல் போகலாம். எட்டினாலும், அரசு வேலையில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோருக்கும் சேர்த்து 1 சதவீதம்தான். உயர்கல்வியில் எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்து 5 சதவீதம். இதை நம்பி மட்டும் போனால் மனம் உடையும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 40 சதவீதம் இல்லை என்பதற்காகவே தேர்வெழுத உதவியாளரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

நம்பிக்கை: தெரிந்துவிட்டால் மருந்து கொடுத்துக் குணமாக்கிவிடலாம்.

ஆட்டிசத்துக்கு மருந்து இல்லை. கூடவே வரும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் உண்டு. ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது.

நம்பிக்கை: சந்தேகம் வந்த எல்லோரும் போய்த் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

இது புதிதாகப் படித்த பிள்ளைகளின் நம்பிக்கை. இதையும் நான் ஏற்கவில்லை. வேலை ஓடுகிறது, நாலு பேர் புரிந்துகொள்கிறார்கள், தன் குணம் தனக்குப் பிடித்திருக்கிறது என்றால் போகாமலே இருக்கலாம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. படிப்போ வேலையோ திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் உடைகிறது, ராத்திரி தூக்கம் இல்லை, ‘நான் ஏன் இப்படி’ என்று தன்னையே அடித்துக்கொள்கிறான் என்றால் தள்ளிப்போடாதீர்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மற்றபடி பேட்டையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே போய்ப் பேசலாம். இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டுமென்றால் சென்னை அருகே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனமும் பெங்களூரில் நிம்ஹான்ஸும் உண்டு.

என் மருமகன் போனான், தெரிந்துகொண்டான். சான்றிதழுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அரசுத் தேர்வு எழுதும்போது பார்க்கலாம் என்கிறான். இப்போது ஒரு குடோனில் இருப்புக் கணக்கு எழுதுகிறான். சேரும்போதே, “சொல்ல வேண்டியதத் தாள்ல எழுதிக் குடுத்திருங்க, அப்பத்தான் எனக்குச் சரியா வரும்” என்று கேட்டான். அவர்களும் எழுதித் தருகிறார்கள். அங்கே அவனுக்கு இது பதினோராவது மாதம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை ஒருநாள் வந்து, டாக்டரிடம் கூட வா என்றால், “உனக்கு என்ன குறைச்சல்” என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். ஒருநாள் பாடு போனாலும் பரவாயில்லை, கூடப் போய் உட்காருங்கள். மருத்துவர் கேட்கப்போவது அவனுடைய மூன்று வயதுக் கதையை. அது அவனுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.