இலைக்குள் ஒரு சுரங்கம்

இலையை ஓரத்திலிருந்து அரித்துத் தின்னும் பூச்சிகளை நாம் நன்கு அறிவோம். ஆனால், இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புகுந்து, உள்ளே இருக்கும் பசுஞ்சதையை மட்டும் உண்டு வாழும் பூச்சிகளும் உள. இவற்றை இலைச்சுரங்கப் பூச்சிகள் எனலாம். ஈ, அந்துப்பூச்சி, வண்டு ஆகிய மூன்று இனங்களிலும் இத்தகையவை உண்டு. இந்தியா, இலங்கை நாடுகளின் தேயிலைச் செடியில் சுரங்கம் அமைப்பது ஓர் ஈயின் புழுவாகும். தென்னையிலோ இவ்வேலையைச் செய்வது ஒரு வண்டின் புழு. அவ்வண்டைப் பற்றி இங்கே காண்போம்.

அதன் பெயர் புரோமெக்கோதிக்கா. நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். மலேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் இது வாழ்கிறது. கண்ட செடியில் எல்லாம் இது முட்டையிடுவதில்லை. தென்னை, கமுகு, செம்பனை போன்ற பனைக் குடும்பத்து மரங்களையே நாடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு, இலைக்குள் துளைத்துச் சென்று அங்கேயே உண்டு வளர்ந்து கூட்டுப்புழுவாகிறது. இலையின் அப்பகுதி காய்ந்து பழுப்பாகிவிடும்.

இலைத்தோல் புழுவுக்குக் கூரையும் சுவரும் ஆகிறது. வெயிலும் மழையும் அதனை வருத்துவதில்லை. எனினும், ஒரு பகைவனிடமிருந்து அது தப்ப இயலாது. எறும்பினும் சிறிய குளவிகள் சில, சுரங்கத்துள் இருக்கும் புழுவைக் கண்டறிந்து முட்டையிடுகின்றன. குளவிக் குஞ்சுகளுக்கு அப்புழுவே உணவு. இவ்வாறு மரம், வண்டு, குளவி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன.

இம்மூன்றில் ஒன்று பிரிந்தால் என்ன நேரும்? 1970 ஆம் ஆண்டு இவ்வண்டு இலங்கையில் காணப்பட்டது. அங்கே தென்னை இருந்தது. வண்டை அடக்கவல்ல குளவி இல்லை. தென்னை மரங்களுக்குப் பேராபத்து சூழ்ந்தது. ஆய்வாளர்கள் வண்டின் தாயகத்தை நோக்கினர். 1971 ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து டிமோக்கியா என்னும் சிறு குளவியைக் கொணர்ந்து விட்டனர். குளவி பெருகியது, வண்டு அடங்கியது.

நமது கேமரன் மலையிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்று உண்டு. முட்டைக்கோசை அழிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் இளம்புழுவும், முதலில் இலைக்குள் சுரங்கம் தோண்டியே வாழ்வைத் தொடங்குகிறது. மருந்துகள் பல தெளித்தும், அப்பூச்சி அவற்றைத் தாங்கும் ஆற்றல் பெற்றுவிட்டது. மருந்தால் மாண்டவை பெரும்பாலும் நன்மை செய்யும் குளவிகளே. ஆகவே, 1970களின் நடுவில் டயடெக்மா என்னும் குளவி வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, இம்மலையில் நிலைபெற்றது.

பெற்றோர்களே! தோட்டத் தொழிலாளத் தோழர்களே! மருந்தை வேண்டிய பொழுது, வேண்டிய அளவே, உரிய பாதுகாப்புடன் பயன்படுத்துதல் நன்று. அளவு மீறித் தெளிக்கும் மருந்து, தெளிப்பவர் உடலுக்கும் கேடு. நமக்காக உழைக்கும் குளவிக்கும் கேடு.

மாணவர்களே! வீட்டுப் புறத்துச் செடிகளில் வெண்கோடோ பழுப்புத் திட்டோ உள்ள இலையைக் கண்டால், வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள். செடியின் பெயரையும் நாளையும் ஏட்டில் குறித்து வையுங்கள். பகை எது, நட்பு எது எனப் பிரித்தறிதலே பயிர் காக்கும் அறிவின் முதற்படியாகும்.