கிணற்றுக்குச் சூரியப் பம்பு: நிறுவுதலும் கோளாறு காணலும்

மும்பை மாநகரின் குழாய்களில் வரும் நீரில் பெரும்பகுதி பாத்சா, தான்சா, வைதர்ணா முதலிய ஏரிகளிலிருந்து வருவது. இவ்வேரிகளிற் பல அமைந்துள்ள தானே மாவட்டத்து ஷாஹாபூர் வட்டத்திலோ, கோடையில் சிற்றூர்க் கிணறுகள் வற்றிவிடுகின்றன. மழைக் குறைவு இதற்குக் காரணமன்று. அங்குள்ளது எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட்டுப் பாறை. அப்பாறையின் விரிசல்களில் மட்டுமே நீர் தங்கும். கிணற்றில் ஊறுவதும் மெதுவாகவே. சூரியப் பம்பை நிறுவ முற்படுவோர் சூரியனை அளப்பதற்கு முன் கிணற்றை அளக்க வேண்டும் என்பதை இந்நிலை தெளிவாக்குகிறது. 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டத்திற்குப் பின் இத்தகைய பம்புகள் பல மாநிலங்களில் பரவியுள்ளதால், இவ்வறிவு களப்பணியாளர்க்கு இன்றியமையாததாகும்.

ஊற்றை அளத்தல்

4 மீட்டர் விட்டமுள்ள ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். சிறிது இறைத்து நிறுத்தியபின், ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் 25 செ.மீ. உயர்ந்தால், அதன் ஊற்று மணிக்கு ஏறத்தாழ 3,100 லிட்டர். பயிருக்கு நாளொன்றுக்கு 30,000 லிட்டர் தேவை. நீரை ஏற்ற வேண்டிய மொத்த உயரம், குழாயின் உராய்வையும் சேர்த்து, 20 மீட்டர் என்க. 1,000 லிட்டர் நீரை 1 மீட்டர் உயர்த்த 2.7 வாட் மணி ஆற்றல் வேண்டும். ஆகவே நீருக்கு மட்டும் வேண்டியது 1,620 வாட் மணி. மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 விழுக்காட்டுத் திறனுடையவையாயின், 4,050 வாட் மணி தேவைப்படும். ஒரு நாள் வெயில் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமென்று கொண்டால் 810 வாட். வெப்பத்தாலும் தூசியாலும் நேரும் கால்பங்கு இழப்பையும் ஈடுசெய்ய, ஏறத்தாழ 1,100 வாட் தகடுகள் வேண்டும்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. இப்பம்பு நண்பகலில் மணிக்கு 6,000 லிட்டர் இறைக்கும். ஊறுவதோ 3,100 லிட்டர். குறையும் 14,500 லிட்டரும் கிணற்றில் முன்னரே நின்றிருக்க வேண்டும். அஃது ஏறத்தாழ 1.15 மீட்டர் ஆழமுள்ள நீர். கோடையில் ஊற்றுத் தளரும்போது இவ்விருப்பும் கரையும். பெரிய பம்பு வாங்குவதால் கிணற்றில் நீர் பெருகாது.

நிறுவுதல்

தகடுகள் தெற்கு நோக்கி, அவ்விடத்து அட்சரேகையின் அளவுக்குச் சாய்ந்திருத்தல் பொதுவிதி. மும்பை வட்டாரத்தில் இது 19 பாகை. திருநெல்வேலியில் அட்சரேகை 9 பாகைக்கும் சற்றுக் குறைவே. ஆயினும் மழைநீர் தூசியைக் கழுவி ஓடுவதற்காகச் சாய்வை 10 பாகைக்குக் குறைக்காதிருத்தல் நலம். காலை 9 முதல் மாலை 3 மணி வரை மரநிழலோ கம்ப நிழலோ தகட்டின்மேல் விழலாகாது. வெயில் மிகுந்தால் மின்சாரமும் மிகும் என்பது உண்மையே. வெப்பம் மிகுந்தாலோ அது குறையும். தகட்டின் வெப்பம் 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் திறன் ஏறத்தாழ 0.4 விழுக்காடு தாழ்கிறது. ஆதலின் தகட்டின் அடியில் காற்றோட்டம் வேண்டும். சட்டங்களுக்கு எர்த்துக் கம்பி இடுதலும், காற்றுக்கு அசையாத அடித்தளம் அமைத்தலும் விடத்தகாதவை.

கோளாறு காணல்

நீர் வரவில்லை என்றவுடன் பம்பை மேலே தூக்குவது வழக்கமாகிவிட்டது. அதனால் கூலியும் நாளும் வீணாகின்றன. இடையில் பயிர் வாடுகிறது. வெயிலிலிருந்து நீர் வரை வரிசையாகச் சோதிப்பதே முறை.

முதலாவது, தகடு. நிழல், தூசி, பறவை எச்சம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தகடுகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றின்மேல் விழும் நிழல் முழுத் தொடரின் மின்சாரத்தையும் குறைக்கக்கூடும். கழுவுவதாயின், கண்ணாடி குளிர்ந்திருக்கும் அதிகாலையே ஏற்றது.

இரண்டாவது, கம்பியும் இணைப்பும். தளர்ந்த முனை, எலி கடித்த உறை, எரிந்த பியூஸ் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

மூன்றாவது, கட்டுப்பாட்டுப் பெட்டி. அதில் தோன்றும் குறியைக் குறித்துக்கொண்டு கையேட்டுடன் ஒப்பிட வேண்டும். நீரின்மையைக் குறி காட்டினால் பெட்டியிற் பழுதில்லை. கிணற்றையே பார்க்க வேண்டும்.

நான்காவது, மோட்டார். மும்முனை மோட்டார் ஓசையுடன் ஓடியும் நீர் குறைவாக வந்தால், அது எதிர்த்திசையில் சுழலலாம். மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் திசை சரியாகும்.

ஐந்தாவது, குழாயும் கிணறும். குழாய்க் கசிவு, அடைப்பு, வால்வுப் பழுது, நீர்மட்டத் தாழ்வு ஆகியவற்றை நோக்கியபின்னரே பம்பைத் தூக்க வேண்டும்.

எச்சரிக்கை

வெயில் உள்ளவரை தகட்டை ‘நிறுத்த’ முடியாது. பெட்டியின் விசையை அணைத்த பின்னும் தகட்டிலிருந்து வரும் கம்பிகளில் மின்னழுத்தம் உண்டு. பத்துத் தகடுகள் தொடராக இருப்பின் அது 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். அது நேர்திசை மின்னோட்டம். மின்சாரம் ஓடும்போது இணைப்பைப் பிரித்தால் எழும் தீப்பொறி எளிதில் அணையாது. கையையும் கண்ணையும் சுட்டுவிடும். பெட்டிக்குள்ளும் சில நிமிடம் மின்னேற்றம் தங்கியிருக்கும். மின்னளவி கொண்டு அளத்தல், பெட்டியைத் திறத்தல், கம்பி மாற்றுதல் ஆகியவை பயிற்சி பெற்றவர்க்கே உரியன.

ஆசிரியர்க்கு

தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் தமிழ் மாணவர் பலருக்குத் திருநெல்வேலிச் சீமையில் உறவினர் நிலம் இருத்தல் கூடும். பள்ளி மாடியில் ஒரு சிறு சூரியத் தகட்டையும் பொம்மை மோட்டாரையும் இணைத்து, தகட்டின் ஓரத்தை மட்டும் கையால் மறைக்கச் செய்யலாம். மறைத்தது சிறு பகுதியாயினும் சுழற்சி வெகுவாகத் தளர்வதையோ நின்றுவிடுவதையோ மாணவர் காண்பர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவன், பாட்டனாரின் பம்பு நின்றிருக்கக் கண்டால், மோட்டாரைக் குறைகூறுவதற்கு முன் தகட்டின்மேல் வளர்ந்துவிட்ட முருங்கைக் கிளையை அண்ணாந்து பார்ப்பான். வெயிலுக்கு விலை இல்லை. ஊற்றுக்கோ எல்லை உண்டு. இவ்விரண்டையும் அவன் உணர்ந்தால் பாடத்தின் நோக்கம் நிறைவேறியதாகும்.