தெளிந்த நீரில் மாண்ட மீன்

நம் இல்லங்கள் பலவற்றில் கண்ணாடித் தொட்டியில் வண்ணமீன் வளர்க்கும் வழக்கம் இடம்பெற்றுள்ளது. குழந்தைகளின் விருப்பத்திற்கிணங்க வாங்கப்பட்ட மீன் ஒருநாள் காலையில் வயிறு மேலாக மிதக்கக் காணும்போது, நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது என்னும் சொல்லே முதலில் எழுகின்றது. பின்னர், கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என்றோ, கண்ணேறு பட்டுவிட்டது என்றோ ஒரு முடிவு செய்யப்பட்டு, மறுவாரமே அதே தொட்டிக்கு வேறொரு மீன் வந்து சேர்கின்றது. மீனை ஐம்பொறிகளும் உடைய நீர்வாழ் உயிராக நம் நூல்கள் வகுத்துள்ளன. முதல் மீன் எதனால் மாண்டது என்றறியாமல் இரண்டாம் மீனை அந்நீரில் விடுவது நமக்கு முறையன்று. ஆகவே அக்காரணத்தை ஆராய்ந்தறியும் வழியை ஈண்டுக் காண்போம்.

காரணமின்றிக் காரியமில்லை என்பதை நாம் அறிவோம். இறந்த மீனின் உடலை உற்று நோக்குவதால் கிடைக்கும் செய்தி குறைவே. அதற்கு முந்தைய மூன்று நான்கு நாட்களில் தொட்டியிலும் வீட்டிலும் என்ன மாற்றம் நிகழ்ந்தது என்று வினவுவதே பயன் தரும். எத்தனை மீன்கள் இறந்தன, ஒரே இரவிலா, நாளுக்கொன்றாகவா, இறக்குமுன் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடினவா என்பவற்றையும் வீட்டார் நினைவுகூர்தல் வேண்டும். ஒன்று மறவாமல் செய்யத்தக்கது: தொட்டி நீரைக் கொட்டுமுன் ஒரு சிறு சீசாவில் அந்நீரை எடுத்து வைத்தல். அதைக் கொட்டிவிட்டால் பெருஞ்சான்று போய்விடும்.

எடுத்துக்காட்டாக ஒரு நிலையைக் கொள்வோம். நாற்பது லிட்டர் தொட்டியில் மூன்று தங்கமீன்கள் நான்கு திங்களாக நலமாக வாழ்கின்றன. ஒரு ஞாயிறன்று வீட்டார் மீன்களை வாளியில் விட்டு, பழைய நீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டியிலுள்ள ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் வெண்மையாகும்வரை பிழிந்து, புதுநீர் நிரப்புகின்றனர். நீர் பளிங்குபோல் தெளிந்துள்ளது. செவ்வாய் மாலை மீன்கள் மேற்பரப்பில் வந்து தவிக்கின்றன. புதன் காலை இரண்டு இறந்து கிடக்கின்றன. இத்தனை தூய்மையாக வைத்திருந்தும் இறந்தனவே என்று வருந்துகின்றனர்.

முதலில் குளோரினை ஐயுறலாம். நகராட்சி நீரிலும் லாரி நீரிலும் கிருமி நீக்கத்திற்காகக் கலக்கப்படும் குளோரின் மீனின் செவுள்களை அரித்துவிடும். ஆயின் கொல்லும் அளவிற்கு அது மிகுந்திருப்பின் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே, அதாவது ஞாயிறன்றே மீன்கள் துடித்திருக்கும். புதுநீரின் குளிர்ச்சியால் நேர்ந்த அதிர்ச்சி என்றாலும் அவ்வாறே. இங்கோ இரண்டு நாள் கழித்தே துன்பம் தொடங்கிற்று. எனவே நீரில் அன்று இருந்த பொருளைக் காட்டிலும், நாளுக்கு நாள் சேர்ந்து பெருகிய ஒரு பொருளையே நாம் தேட வேண்டும்.

அப்பொருள் அம்மோனியா. மீன்கள் தம் உடற்கழிவைப் பெரும்பகுதி செவுள்களின் வழியே அம்மோனியாவாக நீரில் விடுகின்றன. உண்ணாது எஞ்சிய இரையும் அழுகி அதுவே ஆகின்றது. ஆறு, ஏரிகளில் நீர்ப்பரப்பு மிகுதியாதலால் அது கலந்து மறையும். தொட்டியில் மறைய இடமில்லை. அங்கு அதை மாற்றுபவை நுண்ணுயிர்களே. ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். ரஷிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் இந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இவை நீரில் மிதப்பதைவிடக் கற்களிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டியே மிகுதியாக வாழ்கின்றன. புதுத்தொட்டியில் இவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். ஞாயிறன்று அழுக்கென்று பிழிந்து எறியப்பட்டவை இவையே. குழாய் நீரிலிருந்த குளோரின் எஞ்சியவற்றையும் கொன்றிருக்கும். கண்ணுக்குப் புலப்படாத உயிர்களை அழித்ததன் விளைவு கண்ணுக்குப் புலப்படும் உயிரின்மேல் வந்து விழுந்தது.

நீர் தெளிந்திருந்ததே என்பார் உளர். நீரை வடிகட்டிப் பருகும் மரபில் வந்த நாம் இங்குச் சற்று நின்று எண்ணுதல் நலம். துணி தடுப்பது உருவமுள்ளவற்றை மட்டுமே. கரைந்த அம்மோனியாவிற்கு நிறமில்லை. கொல்லும் அளவிலும் பெரும்பாலும் நம் மூக்கிற்கு எட்டாது. மேலும், நீரின் தன்மைக்கேற்ப அதன் கொடுமை மாறும். நீரின் பி.எச். எண் 7 ஆக இருப்பின், 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். அந்த எண் 8 ஆனால் நூற்றில் ஐந்து பங்காகிவிடும். காரத்தன்மை மிக்க ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் இதனைக் கருத்திற் கொள்க. நைட்ரைட்டோ வேறு வகையில் கொல்லும். அது குருதியின் உயிர்வளி தாங்கும் ஆற்றலைக் கெடுத்துச் செவுள்களைப் பழுப்பாக்கும்.

இவ்வூகம் மெய்தானா என்று உறுதி செய்வது கடினமன்று. வண்ணமீன் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட்டு சோதனைக்கான துளிமருந்துப் பெட்டிகள் கிடைக்கின்றன. சீசாவில் எடுத்த நீரில் அன்றைக்கே துளிகளை இட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் போதும். ஆயின் இறந்த மீன் நெடுநேரம் தொட்டியில் கிடந்து அழுகியிருப்பின், அதுவே அம்மோனியாவைப் பெருக்கியிருக்கும். அப்போது காரியத்தைக் காரணமென மயங்கலாகாது.

இத்தகைய ஆராய்ச்சி புதியதன்று. இலண்டன் வேதியியலறிஞர் இராபர்ட் வாரிங்டன் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வேலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். செடி மீனுக்கு உயிர்வளி தரும் என்பது அவர் கருத்து. சில நாளில் செடியின் இலைகள் அழுகி நீர் கெடலாயிற்று. அவர் நீரைக் கொட்டிக் கலத்தைத் துலக்க முற்படவில்லை. அழுகலை உண்ணும் குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார், நீர் தெளிந்தது. இதனை 1850ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். கெட்டது நீரா, அதிலுள்ள உயிர்களின் உறவா என்று அவர் கேட்டதே நாமும் கேட்க வேண்டிய வினா.

எல்லா மரணத்திற்கும் அம்மோனியாவே காரணமென்று கூறுவதற்கில்லை. ஒரே இரவில் எல்லா மீன்களும் இறந்திருப்பின் மின்தடை உண்டாயிற்றா என்று பார்க்க வேண்டும். நீர் வெப்பமாக ஆக அதில் கரையும் உயிர்வளி குறையும். 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு கரைவது 30 பாகையில் ஏழரை மில்லிகிராமாகக் குறைகின்றது. கோடை இரவில் காற்று மோட்டார் நின்றுவிட்டால், நெரிசலான தொட்டி விடியுமுன் மூச்சடைத்துப்போகும். நீர்ச்செடிகளும் இருளில் உயிர்வளியை உட்கொள்ளுமேயன்றித் தாரா. மூடிய அறையில் கொசு மருந்து தெளித்ததுண்டா என்பது பலர் கேட்க மறக்கும் வினா. கொசுவிரட்டிகளிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் நமக்குச் சிறு தீங்கே எனினும் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. காற்று மோட்டார் அறைக்காற்றை ஈர்த்து நேரே நீருக்குள் செலுத்திவிடும்.

நம் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களாகக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என ஐந்தினைக் கூறுகின்றது. தொட்டியில் மீன் வளர்ப்பது முதலாவதைத் தொடுகின்றதா என்பதைத் தத்தம் உள்ளத்தில் ஆராய்ந்து கொள்க. புதிதாக வாங்காதிருத்தலே நன்றென்பது நம் கருத்து. மிகுபாரம் என்பதோ சிறு தொட்டிக்கு நன்கு பொருந்தும். ஒரு சாணுக்கு மேல் வளரக்கூடியதும் பத்தாண்டிற்கு மேல் வாழக்கூடியதுமான தங்கமீனை உருண்டைக் கிண்ணத்தில் அடைப்பது கண்டு, ரோம் நகர மன்றம் 2005ஆம் ஆண்டில் அத்தகைய கிண்ணங்களைத் தடை செய்தது. உணவைப் பொறுத்தவரை நம் வீடுகளில் நிகழும் தவறு மறுப்பதில் அன்று, மிகையாக ஈவதில்தான். குழந்தைக்கொரு கைப்பிடி, பாட்டிக்கொரு கைப்பிடி என்று விழும் இரையில் பாதி கல்லிடுக்கில் அழுகுகின்றது.

மேற்சொன்ன வீட்டில் எஞ்சிய ஒரு மீனைக் காக்க வழியுண்டு. உடனே கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை நீரை மாற்றுக. புதுநீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்துக் குளோரின் நீங்கிய பின் ஊற்றலாம். அவசரமாயின், கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் கலந்து ஊற்றுக. இரண்டு நாள் இரை வேண்டா. வளர்ந்த மீன் அதனால் வாடாது. காற்று மோட்டார் இரவும் பகலும் ஓடட்டும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் காணப்படாத நிலை வரும்வரை, ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை இவ்வாறே சிறிது சிறிதாக நீர் மாற்றுக. ஸ்பாஞ்சை அலசுவதாயின், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுக.

வளர்க்க இயலவில்லை என்று, இரக்கத்தினால் மீனைக் கோயிற்குளத்திலோ ஏரியிலோ விடுவோரும் உண்டு. அதனைப் புண்ணியமெனக் கருதுதல் பொருந்தாது. கண்ணாடித் தொட்டிகளுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து கொணரப்பட்ட சக்கர் மீன் இவ்வாறு வெளியேறித் தமிழகத்து நீர்நிலைகளில் பரவி, உள்நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் கவர்ந்து வருகின்றது. பெரிய தொட்டியும் பழக்கமும் உடைய அன்பர் ஒருவரிடம் ஒப்படைப்பதோ, வாங்கிய கடையிலேயே திரும்பக் கொடுப்பதோ தக்கது. கொண்டு செல்லும்போது மீனைத் தொட்டி நீரோடு பையிலிட்டு, அப்பையை மறுதொட்டியின் நீரில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, வெப்பம் ஒத்த பிறகே மீனை விட வேண்டும்.