ஹெரால்டு சேஸிஸில் எம்.ஜி. பாடி: என்னவென்று சொல்லி விற்பது?

கேள்வி: என் அப்பா தன் 1968 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் சேஸிஸ் மேல், பழைய எம்.ஜி. டி.சி. ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஃபைபர் பாடி கட்டி வைத்திருக்கிறார். இப்போது விற்கப்போகிறோம். "1947 எம்.ஜி., ஒரிஜினல் என்று போடுங்கள், மூன்று மடங்கு கிடைக்கும். வாங்குகிறவர் பார்த்துத்தானே வாங்குகிறார்?" என்கிறார் பெங்களூரு புரோக்கர். சிக்கல் வருமா?
– வாசகர், பேத்தமங்களா

பதில்: வரும். ரெப்ளிகாவை ரெப்ளிகா என்று சொல்லி விற்கலாம். ஒரிஜினல் என்று சொல்லி விற்றால் வழக்குதான்.

சொன்ன விவரப்படி பொருள் இருக்க வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. இல்லாவிட்டால் வாங்கியவர் வண்டியை ஏற்க மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தெரிந்தே சொன்ன பொய், ஒப்பந்தச் சட்டம் 17ஆவது பிரிவின்படி மோசடி. பாரதிய நியாய சன்ஹிதா 318(4)இன் கீழ் ஏழு ஆண்டு வரை சிறையும் உண்டு. "பார்த்துத்தானே வாங்கினார்" என்ற வாதம் அங்கே எடுபடாது.

பாகங்கள் மாறினாலே ஒரிஜினல் இல்லை என்றாகிவிடாது. 1929, 1930 லெ மான் பந்தயங்களை வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' பென்ட்லி பற்றி 1990இல் இங்கிலாந்தில் வழக்கு நடந்தது. ஆரம்பகாலப் பாகங்கள் அதிகம் மிஞ்சாதபோதும், வரலாறு அறுபடாத காரணத்தால் அதை உண்மையான கார் என்றே நீதிபதி ஏற்றார். உங்கள் வண்டியோ எம்.ஜி. தொழிற்சாலையைப் பார்த்ததே இல்லை. அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது.

ஐம்பது வயது தாண்டியதால் 'விஏ' நம்பர் கிடைக்கும் என்றும் சொல்லாதீர்கள். 2021 விதிகளின்படி சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றாத வண்டிக்குத்தான் அந்த விண்டேஜ் பதிவு.

பாடி மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? இல்லையென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்; 2019இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே பொருள்கொண்டது. கே.ஜி.எஃப். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இதைத் தெளிவுபடுத்திக்கொண்டு பிறகு விலை பேசுங்கள்.

விளம்பரத்திலும் விற்பனை ஒப்பந்தத்திலும் இப்படி எழுதுங்கள்: "1968 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எம்.ஜி. டி.சி. மாதிரியில் ஃபைபர் பாடி கட்டப்பட்டது. எம்.ஜி. நிறுவனத் தயாரிப்பு அல்ல." சேஸிஸ், இன்ஜின் நம்பர்களையும் சேர்த்து, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

இந்த வாசகத்தையே புரோக்கருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உங்களுக்காக விற்கும்போது அவர் சொல்லும் பொய், ஒப்பந்தச் சட்டம் 238ஆவது பிரிவின்படி நீங்கள் சொன்னதாகவே கொள்ளப்படும்.