புதிய எஞ்சினும் எண்ணெய்ச் செலவும்

புதிதாக வாங்கிய உழவு இயந்திரமோ நீரிறைக்கும் இயந்திரமோ முதற் சில நாட்களில் எண்ணெயைக் குறைத்துக்கொள்வதைக் கண்டு கமக்காரர் பலர் கலக்கமடைகின்றனர். பழுதான பொருளைத் தம் தலையிற் கட்டிவிட்டனர் என விற்றவரோடு வழக்காடுவோரும் உளர். வேறு சிலரோ, புதிய இயந்திரத்துக்கு எண்ணெய் பார்க்க வேண்டியதில்லை எனக் கருதி, அளவுகோலை ஒருமுறையேனும் வெளியே எடாது வேலை வாங்குவர். எஞ்சின் இறுகி நின்ற பின்னரே எண்ணெயை நினைப்பர். முன்னவரது கலக்கம் பெரும்பாலும் வேண்டாதது. பின்னவரது கவலையின்மை பெருநட்டத்துக்கு ஏதுவாகும். இராகலை, கந்தப்பளை, உடபுசல்லாவைப் பகுதிகளில் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா பயிரிடுவோரும், வலப்பனைப் பக்கத்துப் படிவயல்களில் நெல் விளைவிப்போரும் பெரும்பாலும் கடன்பட்டே எஞ்சின் வாங்குகின்றனர். ஆகவே இவ்விடயத்தைச் செவ்வனே அறிந்திருத்தல் நன்று.

எஞ்சினின் சிலிண்டர்ச் சுவர் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், உண்மையில் அது நுண்ணிய கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லுமாறு வேண்டுமென்றே அராவப்பட்டதாகும். அக்கீறல்களில் எண்ணெய் தங்கிப் பிஸ்டன் உராயாது காக்கும். கீறல்களுக்கிடையே நிற்கும் நுண்மேடுகளும், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களின் விளிம்பும் புதிதில் ஒன்றோடொன்று பொருந்தியிரா. ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்தும் வரை இடைவெளிகளூடாகச் சிறிதளவு எண்ணெய் மேலேறி எரிபொருளுடன் எரியும். புகைக்குழாயில் மெல்லிய நீலப்புகை தோன்றுவதும் எண்ணெய் மட்டம் இறங்குவதும் இதனாலேயே. வளையங்கள் படிந்த பின் இச்செலவு தானே குறையும். மோட்டார் வண்டி செய்வோர் சிலர் 1000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் வரையான செலவை இயல்பானதெனவும், புதிய வண்டியில் அது சற்றுக் கூடலாம் எனவும் தம் கைநூலிலேயே குறிப்பிடுகின்றனர்.

வளையம் படிவதற்கு வேண்டியது யாது? இங்கேதான் நல்லெண்ணத்தால் விளையும் தீங்கு மிகுதி. புதிய எஞ்சினைக் கைக்குழந்தைபோற் பேண வேண்டுமென்று, அதனைச் சுமையின்றி மணிக்கணக்காக மெதுவாய் ஓடவிடுவார் பலர். வளையத்தைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த வில்விசை மாத்திரமன்று. எரிந்த வாயுவின் அமுக்கமே வளையத்தின் பின்புறம் புகுந்து அதனைச் சுவரோடு நெருக்குகின்றது. சுமையில்லாத எஞ்சினில் இவ்வமுக்கம் போதாது. நுண்மேடுகள் தேய்வதற்கு மாறாக, எண்ணெய் சுவரிற் கருகிக் கண்ணாடிபோன்ற படலமாய்ப் படியும். பின்னர் எத்தனை நாள் ஓட்டினும் வளையம் படியாது. எண்ணெய்ச் செலவும் நீங்காது. சிலிண்டரைக் கழற்றி மீண்டும் அராவுதலே அதற்கு வழியாகும். மறுபுறம், முதல் நாளிலேயே இறுகிய தரையில் ஆழ உழுதால், பொருந்தாத பரப்புகள் சூடேறி ஒன்றையொன்று பிறாண்டும்.

எனவே நடுத்தரமான, மாறிமாறி வரும் சுமையே ஏற்றது. இருசக்கர உழவு இயந்திரமாயின் முதற் சில மணிகள் வெற்றுப் பெட்டியுடன் பாதையில் ஓட்டி, அடுத்து இளகிய சேற்றில் மேலோட்டமாய் உழுது, பின்னரே ஆழ உழலாம். (லாண்ட்மாஸ்டர் என்பது ஒரு பிரித்தானிய இயந்திரத்தின் பெயர். எங்கு செய்யப்பட்ட இருசக்கர இயந்திரத்தையும் நம்மவர் அப்பெயராலேயே அழைப்பதால், அயலாரின் லாண்ட்மாஸ்டருக்குரிய கைநூல் உங்களுடையதற்கும் பொருந்துமென நம்பிவிடக் கூடாது.) நீரிறைக்கும் எஞ்சினில் வேகத்தை முக்கால் அளவுக்கு மேற்படாது வைத்துக் கால் மணிக்கொருமுறை சற்றுக் கூட்டியும் குறைத்தும் இறைக்கலாம். சுமையற்று ஓட்டுவதாக எண்ணி நீரின்றிப் பம்பியைச் சுழற்றினால் அதன் நீரடைப்பு எரிந்துபோம்.

மலைநாட்டுக்கே உரிய இடர்கள் சில உள. நுவரெலியாவின் உயரமாகிய 1868 மீற்றரில் காற்றின் அமுக்கம் கடலோரத்து அமுக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கேயாகும். ஆதலால் சாதாரண எஞ்சினின் வலுவும் அண்ணளவாக ஐந்திலொரு பங்கு குறையும். தாழ்நிலத்தில் இழுத்த சுமையை இங்கும் இழுக்குமென எதிர்பார்த்தல் தகாது. காபரேற்றர் கொண்ட பெற்றோல் எஞ்சினில் காற்றுக் குறைவதால் எரிபொருள் விகிதம் மிகும். எரியாத பெற்றோல் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி இறக்கும். குளிர்ந்த காலையில் எஞ்சினைத் தொடக்கச் சோக்கை இழுத்தவர் அதனை மீளத் தள்ள மறப்பின் இத்தீங்கு இரட்டிக்கும்.

அதனினும் முதன்மையானது சரிவு. சிறிய எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய்ப் பம்பி கிடையாது. அடியிலுள்ள ஓர் அகப்பை சுழன்று எண்ணெயை வாரி மேலே எறிவதே உயவிடும் முறையாகும். ஓடைக்கரையின் சரிவில் எஞ்சினைச் சாய்த்து வைத்தால் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கும். மட்டம் சரியாக இருப்பினும் அகப்பைக்கு அது எட்டாது போகலாம். மண்ணைச் சமமாய் வெட்டிப் பலகை பரப்பி அதன்மேல் வைப்பது அரைமணி வேலை. எண்ணெய் பார்ப்பதும் சமதரையிலேயே ஆகவேண்டும். சரிவிற் பார்த்த அளவு பொய்யளவு.

அளந்து பார்க்கும் வழி இது. காலையில் எஞ்சினைத் தொடக்குமுன் அளவுகோலைத் துடைத்து மீண்டும் இட்டெடுத்துப் பார்க்க. மூடியோடு கூடிய கோலாயின், திருகி இறுக்கிப் பார்ப்பதா, திருகாது வைத்துப் பார்ப்பதா என்பதைக் கைநூலில் அறிந்துகொள்க, இவ்விரண்டுக்கும் வேறுபாடுண்டு. குறைந்ததை அளவிட்ட போத்தலால் ஊற்றி, எத்தனை மில்லிலீற்றர், எத்தனை மணி ஓடியபின் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுக. சிறிய பெற்றோல் எஞ்சின் பலவற்றின் முழுக்கொள்ளளவே ஏறத்தாழ அரை லீற்றர் என்பதால், நூறு மில்லிலீற்றரும் அங்கே பெரிது. எஞ்சின் எண்ணெயைக் குடிக்கின்றது எனத் தீர்மானிக்குமுன் அதன் அடியிலும் பார்க்கவேண்டும். வடிகால் ஆணி தளர்ந்து ஒழுகிய எண்ணெய்க்கு வளையத்தைக் குறை கூறுவதிற் பயனில்லை.

எண்ணெய் குறைவதைக் கவனிப்போரும் அது கூடுவதைக் கவனிப்பதில்லை. பெற்றோலிற் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில், படியாத வளையங்களூடாக எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எண்ணெயோடு கலக்கும். மேலே எரிந்த அளவுக்குக் கீழே மண்ணெண்ணெய் சேருமாயின் மட்டம் மாறாதிருக்கும், உரிமையாளரும் மகிழ்ந்திருப்பார். ஆனால் உள்ளே இருப்பது உயவிடும் ஆற்றல் இழந்த கலவை. மட்டம் உயர்ந்தாலோ, எண்ணெய் நீர்த்து மண்ணெண்ணெய் மணம் வீசினாலோ உடனே மாற்றுதல் வேண்டும். எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்துமுன் சிறிதுநேரம் பெற்றோலில் ஓட்டுவதும் இதனைக் குறைக்கும். 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபின், அதனை எண்ணெய்த் தொட்டியில் வீணாக்குவது பணத்தையும் வீணாக்குவதேயாம்.

முதல் எண்ணெய் மாற்றத்தைப் பின்போடலாகாது. தேய்ந்த உலோகத் துகள்கள் யாவும் அந்த எண்ணெயிலேயே மிதக்கும். சிறிய பெற்றோல் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 20 மணியிலும், டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்கு 50 மணியளவிலும் முதல் மாற்றம் விதிக்கப்பட்டுள்ளது. உங்கள் கைநூலில் உள்ளதே இறுதி. எஞ்சின் சூடாயிருக்கையில் வடித்தால் துகள்களும் உடன் வெளியேறும். செலவைக் குறைக்கவென விதித்ததினும் தடித்த எண்ணெயை ஊற்றுவது குளிர்ந்த இம்மலையில் தீமையே தரும். காலையில் அது உரிய இடத்தை அடையுமுன் உலோகங்கள் உராய்ந்துவிடும். வடித்த எண்ணெயை ஓடையிலோ பாத்தியிலோ ஊற்றலாகாது. இவ்வோடைகள் மகாவலிக்கே செல்கின்றன. தகரத்தில் அடைத்து வாகனம் திருத்துமிடத்தில் ஒப்படைக்கலாம்.

புகையின் நிறமும் செய்தி கூறும். குளிர்காலையிற் சிலநேரம் தோன்றி மறையும் வெண்புகை பெரும்பாலும் நீராவியே. கரும்புகை சுமை மிகுதியையோ காற்றுவடி அடைப்பையோ காட்டும். நீலப்புகையே எண்ணெய்க்குரியது. கொப்பியிலுள்ள கணக்கு வாரந்தோறும் குறைந்துவருமாயின் அஞ்ச வேண்டியதில்லை. கைநூல் கூறும் பழக்கக் காலம் கடந்தும் அது குறையாவிடினும், கூடினும், எஞ்சினைத் தாமே கழற்றாது, உத்தரவாதக் காலத்துக்குள் அக்கொப்பியோடு விற்றவரிடம் செல்லல் வேண்டும். நாளும் அளவும் எழுதியவரது முறைப்பாட்டை எளிதில் தட்டிக்கழிக்க இயலாது.

முதுகிற் சுமக்கும் விசைத்தெளிகருவிகளுட் பல இருவீச்சு எஞ்சின் கொண்டவை. அவற்றில் எண்ணெய் பெற்றோலோடு கலந்தே ஊற்றப்பட்டு எரிவதால், மேற்கூறிய கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. சிறிது நீலப்புகை அங்கு என்றும் உண்டு.