திருமுறைக் குழுவும் இடர்க் காலமும்

ஆலயத்தில் பூசை நிறைவுறும் வேளையில் பஞ்சபுராணம் ஓதுதலும், மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் சங்கும் சேமக்கலமுமாய் வீதிகளில் பாடி வருதலும் ஈழத்துச் சைவக் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கங்களாகும். திருவிழாக் காலத்தில் பாடுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. யுத்தம், இடப்பெயர்வு, நோய் என்று இடர் வரும்போதே எந்தக் குழு நிற்கும், எது கலையும் என்பது தெரியவரும்.

பாடலை ஏட்டில் எழுதி வைத்தால் அது தப்பிவிடும் என்று எண்ணுவோர் தேவாரத்தின் வரலாற்றை நினைத்துப் பார்த்தல் நன்று. நம்பியாண்டார் நம்பி வழிகாட்டத் தில்லையில் ஏடுகள் கண்டெடுக்கப்பட்டபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது என்று திருமுறைகண்ட புராணம் கூறும். எஞ்சிய பாடல்கள் கிடைத்தன. ஆனால் அவற்றை எப்பண்ணிற் பாடுவது என்று சொல்ல எவரும் இல்லை. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கொண்டே பண் வகுக்கப்பட்டது என்பது மரபு. எழுத்தைக் காத்தது ஏடு. இசையைக் காத்ததோ ஒரு குடும்பத்தின் வாய்ப்பழக்கம்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசன் (ஆட்சி கி.பி. 985 - 1014) இந்தப் பாடத்தை நன்கு அறிந்திருந்தான் போலும். அக்கோயிலிலே திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்து, ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் வழங்கியதை அங்குள்ள கல்வெட்டுத் தெரிவிக்கிறது. நெல்லின் அளவைப் பார்த்து வியப்பவர் பலர். அதிலும் வியப்புக்குரியது வெற்றிடம் நிரப்பும் ஒழுங்காகும். பாடுபவர் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த உரிமையாளர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையாயின் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும். உரிமையாளரே இல்லாவிடின் எஞ்சிய பாடகர்கள் தாமே தகுதியானவரைத் தெரிந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்து அரச அலுவலகச் சுற்றுநிருபங்களில்கூட இவ்வளவு தெளிவைக் காண்பது அரிது. ஊரைவிட்டுப் போதலை அக்கல்வெட்டு ‘அனாதேசம் போதல்’ என்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட அச்சொல் ஈழத்துக் கிராமங்களுக்கு எவ்வளவு பொருத்தமாயிற்று!

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990 முதல் சில ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டினால் ஜாம் போத்தலிற் செய்த சிக்கன விளக்கின் வெளிச்சத்திலேதான் பிள்ளைகள் படித்தார்கள், பஜனையும் நடந்தது. அந்த மங்கிய ஒளியிற் கொப்பியைப் பார்த்துப் பாடுதல் இயலாது. ஆகவே மனனம் கட்டாயமாயிற்று. ஒலிபெருக்கி இல்லாமையால் எல்லோரும் வாய்விட்டுப் பாட வேண்டியும் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் சென்றபோது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நடந்தவர்களுக்குப் புத்தகமோ ஆர்மோனியமோ சுமக்கக் கூடியதாக இருக்கவில்லை. மனனமாய் இருந்ததே அவர்களோடு கூடப் போயிற்று.

இதனால் மின்சாரம் வந்தது தீது என்று கொள்ளலாகாது. ஆனால் ஒலிவாங்கி ஒருவர் வாயருகே மட்டும் இருக்கும்போது மற்றவர்களுக்குத் தம் குரலே கேட்பதில்லை. சில வாரங்களில் அவர்கள் உதட்டை மட்டும் அசைப்பர். சில மாதங்களில் வராமலே விடுவர். குழுவை நடத்துபவர் இதனை முதலிற் கவனிக்க வேண்டும். சுருதியும் அப்படியே. தமது குரலுக்கு வாய்ப்பான மேற்சுருதியில் அவர் தொடங்கினால் முதியோரும் குரல் உடையும் பருவத்துப் பையன்களும் மௌனமாகி விடுவர். கேட்பவர் மெச்சும் சுருதியை விட, கூட இருப்பவர் எல்லோருக்கும் எட்டும் சுருதியே கூட்டுப் பாடலுக்கு உகந்தது.

கிராமத்திற்கே உரிய இன்னொரு சங்கடம் உண்டு. குழுவில் உள்ளோர் யாவரும் ஒரே உறவு வட்டத்தினராயின், ஒரு வீட்டில் மரணம் நேர்ந்ததும் துடக்குக் காரணமாக அனைவரும் ஒரேயடியாக நின்றுவிடுவர். பூசை நடக்கும், பாட ஆள் இராது. இதனை முன்கூட்டியே எண்ணி ஊரின் நாலு பக்கத்திலிருந்தும் ஆட்களைச் சேர்க்கும் ஆலயங்கள் மிகக் குறைவு. வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வரும் அன்பர்கள் பத்து நாளும் உருக்கமாகப் பாடுவர். பதினோராம் நாள் பாடுவது யார் என்பதைப் பரிபாலன சபையினர்தான் யோசிக்க வேண்டும்.

2020 மார்ச் 20இல் கொரோனா நோயின் பொருட்டு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதன் பின்னர் ஆலயங்களில் ஒன்றுகூடல் கட்டுப்படுத்தப்பட்டபோது, சிலர் கைத்தொலைபேசியில் ஸூம் வழியாகக் கூட்டுப் பிரார்த்தனை நடத்தினர். ஒருவர் குரல் மற்றவருக்குச் சற்றுப் பிந்தியே போய்ச் சேர்வதால் ஒருமித்துப் பாட அது உதவாது. ஒருவர் பாட மற்றவர் கேட்டிருந்து, பின் அடுத்தவர் பாடுவது என்ற முறையே அதற்கு ஏற்றது. அதில் ஒரு நன்மையும் உண்டு. கூட்டத்தோடு மட்டும் பாடிப் பழகிய பிள்ளை தனியாகப் பாட வேண்டி வருகிறது.

இப்பயிற்சியை ஆலயத்திலேயே தொடர்ந்து அளிப்பதற்குத் திருவெம்பாவைக் காலம் மிகவும் வாய்ப்பானது. பூசை பத்து நாள், பாடல்கள் இருபது. பத்து நாளும் ஒருவரே முதலடி எடுத்துக் கொடுக்காமல், முதல் நாள் மூத்தவர், அடுத்த நாள் அவரிடம் பயின்றவர், பின் அறநெறிப் பாடசாலை மாணவர் என நாளுக்கு ஒருவராக விட்டால், தலைவர் நோயுறும் நாளில் திகைக்க வேண்டியிராது. பிள்ளைகள் பிழைவிடுவர், அடி மாறிப் பாடுவர். அந்த இடத்தில் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தித் திருத்தாது, பூசை முடிந்து பிரசாதம் வாங்கிய பின்னர் தனியே அழைத்துச் சொன்னால், அடுத்த நாள் விடியற்காலைக் குளிரிலும் அந்தப் பிள்ளை சேமக்கலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்.