இன்ஜின் பே கிளீனிங்: சர்வீஸ் பில்லில் வரும் அந்த ரெண்டு வரிக்குப் பணம் கட்டணுமா?

அடுத்த தடவை காரை சர்வீஸுக்கு விடும்போது எஸ்டிமேட் ஷீட்டை ஒரு தடவை நிதானமா படிங்க. ஆயில், ஃபில்டர், வீல் அலைன்மென்ட் எல்லாம் முடிஞ்சு கீழே "இன்ஜின் டிரெஸ்ஸிங்", "ஆன்டி ரோடன்ட் ட்ரீட்மென்ட்"னு ரெண்டு வரி இருக்கலாம். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற. காரோட வந்த மேனுவலை எடுத்து, சர்வீஸ் அட்டவணையில இது இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா "இது வேண்டாம், எடுத்துடுங்க"ன்னு தைரியமா சொல்லலாம்.

அப்போ பானெட்டுக்குள்ள சுத்தமே பண்ண வேண்டாமான்னா, பண்ணணும். சுத்தமான இன்ஜின்ல ஆயில் கசிவு ஆரம்பிச்சா உடனே கண்ணுல படும். அழுக்குப் படிஞ்ச இன்ஜின்ல கசிவு பெருசான பிறகுதான் தெரியும், பில்லும் அதுக்கேத்த மாதிரி வரும். ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை, வீட்லயே, ஒரு மணி நேரத்துல முடியுற வேலை இது.

முதல்ல வாங்க வேண்டியது டிகிரீசர். தண்ணி அடிப்படையிலான, மிதமான காரத்தன்மை உள்ளதா பாத்து வாங்குங்க. பாட்டில்ல "அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதுகாப்பானது"ன்னு போட்டிருக்கணும். ஆசிட் கலந்ததும், காஸ்டிக் சோடா மாதிரி கடுமையானதும் அலுமினியத்தைக் கறையாக்கிடும். சில வாட்டர் வாஷ் கடைல டீசலோ மண்ணெண்ணெயோ அடிப்பாங்க, பளபளன்னு வரும். அந்தப் பளபளப்பை நம்பாதீங்க. பெட்ரோலிய எண்ணெய் பட்டா கூலன்ட் ஹோஸ் ரப்பர் ஊறி உப்பிடும். சூடான இன்ஜின்ல தீப்பிடிக்கிற ஆபத்தும் இருக்கு.

இப்ப நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவோம், கணக்கு! கான்சென்ட்ரேட்டா வாங்கலாமா, அப்படியே அடிக்கிற ஸ்ப்ரேயா? ஒரு தடவைக்கு அரை லிட்டர் கலவை தேவைன்னு வச்சுக்குவோம். 500 மி.லி. ஸ்ப்ரே 250 ரூபாய்னா, ஒரு வாஷுக்கே 250. 400 ரூபாய்க்கு 500 மி.லி. கான்சென்ட்ரேட் வாங்கி 1:10 கலந்தா அஞ்சரை லிட்டர் வரும், அதாவது 11 வாஷ். ஒரு வாஷுக்கு 36 ரூபாய் சொச்சம். விலை கடைக்குக் கடை மாறும், கணக்கு போடுற முறை மாறாது. பாட்டில் விலையைப் பாக்காதீங்க, கலந்த பிறகு லிட்டர் என்ன விலைன்னு பாருங்க.

அடிக்கிறதுக்கு முன்னாடி இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும். சூட்டுல அடிச்சா கெமிக்கல் காய்ஞ்சு திட்டுத்திட்டா நிக்கும். ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய், கனெக்டர்கள் எல்லாத்தையும் பாலிதீன் கவரால மூடுங்க. பிரஷ்ஷால தேய்ச்சு, ஈரத்துணியால துடைச்சாலே போதும். பிரஷர் வாஷர் பக்கமே போகாதீங்க. கனெக்டர்ல தண்ணி ஏறினா 36 ரூபாய் கணக்கெல்லாம் காத்துல போயிடும். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார் வச்சிருக்கவங்க ஆரஞ்சு கலர் கேபிள் இருக்கிற பக்கம் கையே வைக்காதீங்க.

அடுத்து டிரெஸ்ஸிங். பிளாஸ்டிக், ரப்பர் பாகம் வெளிறாம இருக்கப் பூசுறது. தண்ணி அடிப்படையிலானது காய்ஞ்சதும் மேட்டா நிக்கும், பிசுபிசுக்காது. டயர் பாலிஷை இங்க அடிச்சா ரெண்டே வாரத்துல தூசி அப்பிக்கும். துணில எடுத்துத் தடவுங்க. ஸ்ப்ரே பண்ணி பெல்ட்ல பட்டா பெல்ட் வழுக்கும். உண்மையைச் சொல்லணும்னா, காரை விக்கப் போறவங்களைத் தவிர மத்தவங்களுக்கு இது அழகுச் செலவுதான்.

பாதுகாப்புன்னு வந்தா ரெண்டே விஷயம். ஒண்ணு பேட்டரி டெர்மினல். வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா நெகட்டிவை முதல்ல கழட்டி, சமையல் சோடாவைத் தண்ணில கரைச்சுத் தேய்ச்சுத் துடைங்க. காய்ஞ்சதும் பாசிட்டிவை முதல்ல மாட்டி, மேல கொஞ்சம் வாசலின். பத்து ரூபாய்கூட ஆகாது.

ரெண்டாவது எலி. காசு கரையுற இடம் இதுதான். எலிக்குப் பல் வளர்ந்துக்கிட்டே இருக்கும், எதையாவது கடிச்சே ஆகணும். பானெட்டுக்குள்ள இதமான சூடும் கிடைக்குது. நிறைய பேர் புகையிலைக் கட்டு தொங்கவிடுறாங்க. காய்ஞ்ச இலையை எக்ஸாஸ்ட் பக்கத்துல தொங்கவிடுறது எனக்குச் சரியாப் படல. நாஃப்தலின் உருண்டை வச்சா அந்த வாடை ஏசி வழியா உள்ள வரும். எலி நுழையுற இடத்துல கம்பி வலை, வயருக்கு மிளகாய்க் காரம் ஏத்தின டேப், ரெண்டு நாளைக்கு ஒரு தடவையாவது வண்டியை எடுக்கிறது, இதெல்லாம் தேவலை. எலியோட மூத்திர வாடை இன்னொரு எலியைக் கூப்பிடும், அதனால டிகிரீசர் போட்டுக் கழுவுறதே பாதி பாதுகாப்பு.

"அதான் இன்சூரன்ஸ் இருக்கே?"ன்னு கேப்பீங்க. தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா ஒண்ணும் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசில எலி கடிச்சதுக்குப் பொதுவா கிளெய்ம் கிடைக்கும். ஆனா 1500 சிசி வரைக்குமான காருக்கு 1,000 ரூபாய் கட்டாயக் கழிவு. ஜீரோ டெப் இல்லேன்னா ரப்பர், பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% தேய்மானமும் போகும்.

பெரிய அடி நோ கிளெய்ம் போனஸ்ல. உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000, போனஸ் 50%னு வைங்க. கிளெய்ம் பண்ணினா அடுத்த ரினியூவல்ல போனஸ் பூஜ்யம், 5,000 நஷ்டம். அதுக்கப்புறம் 20, 25, 35, 45னு மெதுவா ஏறும்போது 3,000, 2,500, 1,500, 500. பிரீமியம் மாறாதுன்னு எடுத்துக்கிட்டா மொத்தம் 12,500 ரூபாய். போனஸ் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாதவங்க 8,000 ரூபாய் வயரிங் வேலைக்குக் கிளெய்ம் போட்டா நஷ்டம் உங்களுக்குத்தான், கைக்காசுல முடிச்சிடுங்க. 40,000 ரூபாய் பில்னா யோசிக்காம கிளெய்ம் போடுங்க. கடிபட்ட வயரைத் தொடாம போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, சர்வேயர் பாத்த பிறகுதான் வேலையை ஆரம்பிக்கச் சொல்லணும்.